ராத்திரி மூன்று மணிக்கும் முகம் தெரிய: வீட்டு கேமராவை அமைக்கும் முறை

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு கேமரா தொங்குகிறது. வண்டியிலிருந்து பெட்ரோல் காணாமல் போன மறுநாள் காலை எல்லாரும் பதிவுப் பெட்டியான டிவிஆர் முன்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பகலில் பளிச்சென்று காட்டிய அதே கேமராவில் விடியற்காலை மூன்று மணிக்கு வெள்ளையாக ஓர் உருவம் வரும், குனியும், போகும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பாலைக் கொட்டியது போல இருக்கும். உடனே "கேமரா சரியில்லை, எட்டு மெகாபிக்சல் வாங்கலாம்" என்று ஒருவர் சொல்வார். வாங்கி மாட்டினாலும் அதே வெள்ளை உருவம்தான் வரும், கொஞ்சம் பெரிதாக.

இரவில் கேமரா எதைப் பார்க்கிறது என்பதை வெளிச்சம்தான் முடிவு செய்கிறது. அது எங்கிருந்து கிளம்புகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது என்று பார்த்துச் சரிசெய்தால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் இரண்டு மெகாபிக்சல் கேமராவே பல நேரம் போதும். அதனால் பணம் செலவழிக்கும் முன் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதல் வேலை: இன்று இரவே ஒரு நடைச் சோதனை

இரவு பதினொரு மணிக்கு மேல், தெரு அடங்கியபின், வீட்டில் ஒருவரைத் தொப்பி போட்டுக்கொண்டு கேட்டிலிருந்து வாசல்வரை சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை வண்டி நிறுத்துமிடத்தில் குனிந்து நிமிரட்டும். கேட் விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை. கரண்ட் போனால் தெருவிளக்கும் சேர்ந்து போய்விடும், அப்போது என்ன தெரியும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டுமே.

பிறகு பதிவைப் போட்டுப் பாருங்கள். லைவ் படத்தைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஓடும் படத்தில் கண் தானாக விட்டதை நிரப்பிக்கொள்ளும், நிறுத்தி வைத்த ஒரே ஃபிரேமில்தான் உண்மை தெரியும். போன் ஆப்பில் பார்த்தால் 'எச்டி' அல்லது 'மெயின் ஸ்ட்ரீம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டேட்டா மிச்சம் பிடிக்கும் சின்னப் படத்தைத்தான் அது காட்டும்.

நிறுத்திய படத்தில் என்ன கோளாறு என்று பாருங்கள். படம் முழுக்கப் பனி மூடியது போல இருந்தால் கண்ணாடியில் அழுக்கு, அல்லது கேமராவின் வெளிச்சமே திரும்பி லென்ஸில் விழுகிறது. முகம் மட்டும் வெளுத்திருந்தால் வெளிச்சம் மிகுதி. உருவத்துக்குப் பின்னால் வால் போல இழுபட்டால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம், அதிகம். சதுரம் சதுரமாக உடைந்தால் பிட்ரேட், அதாவது நொடிக்குப் பதிவாகும் டேட்டா, போதவில்லை. ஏழு மணிக்கு இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து வந்தால் கரண்ட்.

ஐஆர் வெளிச்சம் எங்கே போய் முட்டுகிறது?

லென்ஸைச் சுற்றியுள்ள சின்ன எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, கடைப் பேச்சில் ஐஆர், வீசுகின்றன. பெரும்பாலான வீட்டு கேமராக்களில் இது 850 நானோமீட்டர். இருட்டில் உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் வகையில் அந்தச் சிவப்பும் தெரியாது, ஆனால் வீச்சு நன்றாகவே குறையும். வெளிவாசலுக்கு 850 போதும். சிவப்பு தெரிந்தால் திருடன் பார்த்துவிடுவானே என்று கேட்பார்கள். பார்க்கட்டும், அதுவும் ஒரு காவல்தான்.

பெட்டியில் 'நைட் விஷன் 30 மீட்டர்' என்று போட்டிருப்பது, அங்கே ஏதோ அசைகிறது என்று தெரியும் தூரம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கால்பங்குதான் மிஞ்சும். 30 என்று எழுதியிருந்தால், முகத்துக்குப் பத்து மீட்டருக்குள் கணக்குப் போடுங்கள்.

இதே கணக்கு பக்கத்தில் இருக்கும் பொருளுக்குத் தலைகீழாக வேலை செய்கிறது. லென்ஸுக்கு அரையடியில் ஒரு சுவர் விளிம்போ சன்ஷேடின் அடிப்பக்கமோ இருந்தால் ஐஆர் அதில் பட்டுப் பளீரென்று திரும்பும். கேமரா "ஆகா, நிறைய வெளிச்சம்" என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். நம் வீட்டு வாசல்களில் இதற்குக் காரணமாக நிற்பவை பெரும்பாலும் பண்டிகைப் பொருட்கள். நிலைப்படியில் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு லென்ஸ் முன்னால் ஆடிக்கொண்டிருக்கும். பச்சை இலை ஐஆரில் வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் துளசி மாடமும் மணிபிளான்ட் கொடியும் அதே வேலையைச் செய்யும். திருஷ்டிப் பூசணிக்காய் கேமராவுக்கு நேரே தொங்குவதும் உண்டு. ஆயுதபூஜையன்று டிவிஆருக்குப் பொட்டு வையுங்கள், கேமராவின் முன்கண்ணாடிக்கு மட்டும் சந்தனம் வேண்டாம். காய்ந்த சந்தனத் தூள் அடுத்த நாள் இரவுப் படத்தைப் பஞ்சு மாதிரி ஆக்கிவிடும்.

ஸ்டீல் கேட், ஸ்டீல் கைப்பிடி, பளபளக்கும் கிரானைட் தரை ஆகியவற்றுக்கு நேரெதிரே கேமராவை வைக்காதீர்கள். பத்துப் பதினைந்து டிகிரி பக்கவாட்டில் திருப்பினாலே அந்த வெள்ளைக் கீற்று படத்தை விட்டு விலகும். ஜன்னல் கண்ணாடிக்குள்ளிருந்து தெருவைப் பார்க்கும் கேமராவில் ஐஆர் வேலைக்கே ஆகாது. கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கேமராவின் முகத்தைத்தான் காட்டும். செட்டிங்கில் ஐஆரை அணைத்துவிட்டு வெளியே தனி விளக்கு போடுவதுதான் வழி.

டோம் வகை கேமராவில் இன்னொரு சிக்கல். லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் வளையம் இருக்கும். மூடும்போது அது கண்ணாடிக் குமிழின் உட்புறத்தை ஒட்டி உட்கார வேண்டும். வளையம் கோணலாக இருந்தால் ஐஆர் உள்ளேயே கசிந்து லென்ஸில் விழும், படம் வெள்ளைத் திரையாகும். குமிழில் கைரேகை பட்டாலும் இதேதான். வெளிவாசலுக்குப் புதிதாக வாங்குகிறவர்கள் டோமை விட்டுவிட்டு, உருண்டைக் கண் போல இருக்கும் டரட் வகை வாங்குவது நல்லது. அதற்குக் குமிழ் கிடையாது.

உயரமும் லென்ஸும்

கேமரா மாட்ட வருகிறவர் ஏணியின் உச்சிக்குப் போய் முதல் மாடி உயரத்தில் பூட்டிவிட்டுப் போவார், கைக்கு எட்டாதாம். அங்கிருந்து தலைமுடியும் தொப்பியும்தான் தெரியும். முகம் வேண்டுமென்றால் ஏழு முதல் ஒன்பது அடி உயரம் போதும். திருடிப்போகும் பயம் இருந்தால் முகத்துக்கு ஒன்று தாழ்வாகவும், அதையும் சேர்த்துப் பார்க்கும்படி இன்னொன்று மேலேயும் வையுங்கள்.

அடுத்தது லென்ஸ். கடையில் கேட்காமலேயே கையில் கொடுப்பது 2.8 மி.மீ. அது நூறு டிகிரிக்கு மேல் அகலமாகப் பார்க்கும், பார்ப்பதற்கும் அழகாக இருக்கும். ஆனால் அறிமுகமில்லாத ஒரு முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் தேவை என்பது சர்வதேச அளவுகோல். இரண்டு மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். வகுத்தால் ஏழரை மீட்டர் அகலம் வரும். 2.8 லென்ஸ் மூன்று மீட்டர் தூரத்திலேயே அந்த அகலத்தைத் தொட்டுவிடும். 4 மி.மீ. லென்ஸ் நாலு மீட்டர் சொச்சம், 6 மி.மீ. ஏறக்குறைய ஏழு மீட்டர். இவை பகல் கணக்கு. இரவில் பாதி என்று வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் கேட்டிலிருந்து வாசலுக்குப் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். வாசலுக்கு மேலே கேட்டைப் பார்த்து ஒரு 6 மி.மீ. போதும். மொத்த முன்பக்கத்தையும் பார்க்க வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு 2.8. ஒரே கேமராவில் தெருக்கோடியும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும் என்றால் இரண்டும் கிடைக்காது.

கோணத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய வேரிஃபோகல் லென்ஸ் வாங்கினால் ஃபோகஸை இரவில், ஐஆர் எரியும்போது சரிபாருங்கள். ஐஆர் ஒளி குவியும் இடம் பகல் ஒளி குவியும் இடத்திலிருந்து சற்று மாறும். பகலில் கத்தி போல இருந்த படம் இரவில் மங்குவது இதனால்தான்.

விளக்குப் போடுங்கள்

இதைச் சொன்னால் சப்பென்று இருக்கும்: ஒரு 9 வாட் எல்இடி பல்பு, புதுக் கேமராவைவிட அதிகம் சாதிக்கும். வாசல் விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தால் ஒன்பது மணி நேரத்துக்கு 81 வாட்-மணி, பன்னிரண்டு நாளைக்கு ஒரு யூனிட். அந்த வெளிச்சத்தில் படம் கலரில் வரும், முகமும் வெளுக்காது. விளக்கைக் கேமராவுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ மாட்டுங்கள். லென்ஸ் பார்க்கும் திசையில் பல்பு தெரிந்தால் எல்லாரும் நிழலுருவம் ஆகிவிடுவார்கள்.

ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கும் நல்லதுதான், ஒரு எச்சரிக்கையுடன். விளக்கு எரிந்ததும் கேமரா கறுப்பு-வெள்ளையிலிருந்து கலருக்கு மாறும். உள்ளே ஃபில்டர் 'டிக்' என்று நகரும் அந்த ஓரிரு நொடியில் படம் தடுமாறும். ஆள் முகத்தைக் காட்டுவதும் அதே நொடியில்தான். அதனால் கேமராவின் பகல்-இரவு மாற்றத்துக்கான தாமதத்தைக் கூட்டுங்கள், அல்லது இரவு நேரத்துக்குக் கறுப்பு-வெள்ளையிலேயே பூட்டிவிடுங்கள்.

வெளிச்சம் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் விழும் என்றால் தனி ஐஆர் விளக்கு வாங்கலாம், 12 வோல்ட், 850 நானோமீட்டர். கேமராவிலிருந்து நாலைந்து அடி தள்ளி மாட்டி, கேமராவின் சொந்த ஐஆரை அணைத்துவிடுங்கள். பூச்சியும் சிலந்தியும் விளக்கோடு போய்விடும், லென்ஸ் சுத்தமாக இருக்கும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும் ஊரில் இது பெரிய நிம்மதி.

செட்டிங்கில் கை வைக்க வேண்டிய இடங்கள்

நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமராவில் இவை 'இமேஜ்' பக்கத்தில் இருக்கும். அனலாக் எச்டி கேமராவில் டிவிஆரில் கேமராவைத் திருப்புவதற்கான பிடிஇசட் பக்கத்திலுள்ள 'மெனு' பொத்தானை அழுத்தினால் கேமராவின் சொந்த மெனு வரும், மாடலைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். வைஃபை கேமராக்களில் பாதி இருக்காது. அவற்றுக்கு இடமும் விளக்கும்தான் மருந்து.

முதலில் ஷட்டர். மனிதன் நடப்பது நொடிக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர். ஷட்டர் 1/6 நொடி திறந்திருந்தால் அதற்குள் 20 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருப்பான், அது ஒரு முகத்தின் அகலத்தைவிட அதிகம். படம் பிரகாசமாக இருக்கும், ஆள் பேயாக இருப்பான். 1/25-இல் ஐந்து செ.மீ., 1/50-இல் இரண்டரை. 'ஸ்லோ ஷட்டர்' என்பதை அணைத்து 1/50-இல் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 1/50, 1/100 இரண்டிலும் எல்இடி விளக்கின் பட்டை ஓட்டம் வராது. படம் இருட்டினால் விளக்கைக் கூட்டுங்கள், ஷட்டரைத் தளர்த்தாதீர்கள்.

புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை முழுக்க ஏற்றிவிட்டால் படம் வழவழவென்று அழகாக இருக்கும், முகம் மெழுகாகிவிடும். நடுவில், 40 முதல் 50-க்குள் வையுங்கள். வெயிலையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் பகல் வெயிலுக்கானது, இரவில் அணைத்துவிட்டால் புள்ளிகள் குறையும். வண்டி ஹெட்லைட் நேரே விழும் இடத்தில், கூசும் வெளிச்சத்தை அடக்கும் எச்எல்சி போடலாம். ஆள் பக்கத்தில் வந்தால் ஐஆரைத் தானாகக் குறைக்கும் 'ஸ்மார்ட் ஐஆர்' எப்போதும் இருக்கட்டும். அப்படியும் முகம் வெளுத்தால் ஐஆர் பலத்தைக் கையால் பாதியாகக் குறையுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அதே நடைச் சோதனை. நாலையும் ஒரே இரவில் மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

பிட்ரேட்டை யாரும் கவனிப்பதில்லை. இரவுப் படத்தில் துடிக்கும் புள்ளிகளே பதிவின் இடத்தைத் தின்றுவிடும், முகத்துக்கு மிஞ்சாது. இரண்டு மெகாபிக்சலுக்கு, பதிவைச் சுருக்கும் முறை எச்.264 என்றால் நொடிக்கு 4 மெகாபிட், எச்.265 என்றால் 2 மெகாபிட். ஒரு மெகாபிட் ஓட்டம் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. நாலு கேமரா தலா 2 மெகாபிட் ஓடினால் நாளுக்கு 86 ஜிபி, ஒரு டெராபைட் டிஸ்க்கில் பதினொரு நாள் நிற்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வருகிறவர்கள் இரண்டு டெராபைட் போடுவது புத்திசாலித்தனம். இரவு நேரத்துக்குத் தொடர் பதிவு வையுங்கள். அசைவு வந்தால் மட்டும் பதிவு என்றால் சிலந்திதான் முக்கால்வாசி நேரம் நடிக்கும்.

கரண்ட் இழப்பு

பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் மட்டும் அணைந்து எழும் கேமராவை மாற்றாதீர்கள், கம்பியை அளந்து பாருங்கள். ஐஆர் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் கரண்ட் கூடுகிறது. 0.4 ஆம்பியர் என்று வையுங்கள். கம்பி 0.2 சதுர மி.மீ. தாமிரம், தூரம் 30 மீட்டர், போக வர 60. எதிர்ப்பு ஐந்து ஓம் சொச்சம், வழியில் தொலைவது இரண்டு வோல்ட். 12 கிளம்பி 10 போய்ச் சேருகிறது. தாமிர முலாம் பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் இன்னும் மோசம். இரவில், ஐஆர் எரியும்போது, கேமரா முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 11-க்குக் கீழே காட்டினால் பவருக்குத் தனியாக 0.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பி இழுங்கள், இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். அல்லது கேமராவுக்குப் பக்கத்திலேயே அடாப்டர் வையுங்கள். 5 வோல்ட் வைஃபை கேமராவின் யூஎஸ்பி வயரை நீட்டுகிறவர்களுக்கு இதே தொல்லை இன்னும் சீக்கிரம் வரும். ஐபி கேமராவுக்கு, நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் பிஓஇ போட்டால் சுமார் 48 வோல்ட்டில் போவதால் நூறு மீட்டர்வரை கவலையில்லை.

இணைப்பு முனைகளை ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். கறுப்பு டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. டிவிஆர், கேமரா பவர், ரௌட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

நம்பர் பிளேட் தனிக்கதை

முகத்துக்கு அமைத்த கேமராவில் இரவில் நம்பர் பிளேட் படிக்க முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் உயர்பாதுகாப்புப் பிளேட் ஒளியைத் திருப்பியடிக்கும் பூச்சு உடையது. ஐஆர் பட்டதும் வெள்ளைப் பலகையாகிவிடும், கூடவே ஹெட்லைட். இதற்கு ஷட்டர் 1/500 அல்லது இன்னும் வேகமாக, நீண்ட லென்ஸ், வண்டி வரும் திசைக்கு 30 டிகிரிக்குள் கோணம் என்று தனிக் கேமரா வேண்டும். அதில் பிளேட்டைத் தவிர எல்லாம் இருட்டாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

எஸ்.பி. ரோட்டுக்குப் போவதற்கு முன்

இத்தனைக்குப் பிறகும் புதிது வேண்டுமென்றால், டவுன் ஹாலுக்குப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கன்னடம், தமிழ், இந்தி எதில் கேட்டாலும் பதில் வரும். மெகாபிக்சலைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் சென்சார் அளவு: 1/1.8 அங்குலத்தின் பரப்பு 1/2.8-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்து லென்ஸ் துவாரம்: எஃப்1.0 லென்ஸ், எஃப்1.6-ஐவிட இரண்டரை மடங்கு, எஃப்2.0-ஐவிட நாலு மடங்கு ஒளியை உள்ளே விடும். சின்னச் சென்சாரில் எட்டு மெகாபிக்சலைத் திணித்ததைவிட, பெரிய சென்சாரில் நாலு மெகாபிக்சல் இரவில் மேல். இரவிலும் கலர் என்று விற்பவற்றில் பெரும்பாலும் ஒரு வெள்ளை விளக்கு சேர்ந்தே இருக்கும். அது சந்துக்குள் எரிந்துகொண்டே இருக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். ஆள் வந்தால் மட்டும் வெள்ளைக்கு மாறும் இரட்டை விளக்கு வகை பக்கத்து வீட்டுச் சண்டையைக் குறைக்கும். பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாதம் ஒரு தடவை

நீளக் குச்சியில் மென்மையான பிரஷ் கட்டி ஒட்டடை தட்டுங்கள். ஐஆர் வெளிச்சத்தில் ஒரே ஒரு சிலந்தி நூல் வெள்ளைக் கயிறு மாதிரி குறுக்கே ஓடும். கண்ணாடியை ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். உலர்ந்த வேட்டித்துண்டால் தேய்த்தால் தூசியே கீறிவிடும், கீறல் இரவில் ஒளிவட்டம் போடும். டிவிஆர் கடிகாரம் போன் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இணைய நேர ஒத்திசைவை இயக்கிவிடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால், பதிவு அழிந்து மேலே எழுதப்படும் முன் டிவிஆரிலிருந்தே பென்டிரைவில் எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, இருந்த முகமும் போய்விடும். மூலப் பதிவைத் தொடாமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கோப்பு தேவைப்படும். போலீஸில் உடை நிறம் சொல்லும்போது மட்டும் நிதானியுங்கள். ஐஆரில் பல கறுப்புத் துணிகள் வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரியும். "வெள்ளைச் சட்டைக்காரன்" என்று எழுதிக் கொடுத்தால் கறுப்புச் சட்டை போட்டவனை யாரும் தேடமாட்டார்கள். "கறுப்பு-வெள்ளைப் பதிவு, நிறம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். உயரம், நடை, செருப்பு, பை இவற்றைச் சொல்லுங்கள்.